வியாழனுக்கும் நம் வீட்டுக்கும் பத்து நிமிடம்

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து வந்த அன்று, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அப்பா உரக்க வாசித்துக்கொண்டே வந்தார். முகூர்த்த நேரத்தை வாசித்ததும் நிறுத்தினார். நீ, நான், அவர் மூவரும் ஒரே சமயத்தில் ஹால் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தோம், பிறகு சிரித்துவிட்டோம். ஏன் சிரித்தோம் என்பது நமக்குத் தெரியும். அடுத்த வாரம் இந்த வீட்டுக்கு வரப்போகிற சுகன்யாவுக்குப் பாதிதான் தெரியும். மீதியை அவளும் அறியட்டும் என்பதால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் திறந்தே வைக்கிறேன். வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேரில் பாராட்ட எனக்கு வராது. நூற்பு மில்லின் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடம் நூலின் குறையைத் தேடியே சம்பளம் வாங்கியவள். குறை இல்லாத நூலைப் பார்த்தால் "நல்லா இருக்கு" என்று சொல்லி அடுத்ததை எடுப்பேன். உன் பரீட்சை மதிப்பெண்ணுக்கும், நீ ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்ததற்கும் அதே சொல்தான் கிடைத்தது. போன தை மாதம் நீ செய்த ஒரு காரியத்துக்கு அந்தச் சொல்லைக்கூட நான் சொல்லவில்லை. அது போதாது என்று தோன்றியது. போதுமான சொல் கிடைக்க இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

முதலில் எனக்கும் வியாழனுக்கும் உள்ள பழைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குக் காத்திருந்த வருடம், ஒரு வால்மீன் வியாழனில் மோதப்போகிறது என்று பத்திரிகைகளில் வந்தது. ஒரு வால்மீன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. இரண்டு வருடம் முன்பு அது வியாழனை மிக நெருங்கிக் கடந்தபோதே இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாகப் பிய்ந்து, கோத்த மணிகள்போல் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக விழும், எப்போது விழும் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே விழுந்தன. பூமியைவிடப் பெரிய கறுப்புத் தழும்புகள் வியாழனின் மேகத்தில் உண்டாயின. சிறு தொலைநோக்கி வைத்திருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. என்னிடம் தொலைநோக்கி ஏது? வெறும் கண்ணுக்கு ஒளிப்புள்ளிதான் தெரியும் என்பது தெரிந்தும், அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டு மாடியில் தினமும் சாயங்காலம் நின்றேன். ஆடிச் சாரல் நேரம். மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்கினால் ஏறாது. ஊர் முழுக்கத் தேரோட்டப் பேச்சாக இருந்தபோது நான் மட்டும் மேகத்தை வைதுகொண்டிருந்தேன். அந்த வாரம் போயே போய்விட்டது.

இந்தக் கதையை உனக்கு ஏழாம் வகுப்பில் சொன்னபோது நீ கேட்டது நினைவிருக்கிறதா? "யாருமே இடிக்காம அது எப்டிம்மா ஒடையும்?" புத்தகத்தில் படம் போட்டுக் காட்டினேன், உனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் மில்லிலிருந்து விரல் பருமனில் ஒரு பஞ்சுத்திரி கொண்டுவந்தேன். நூற்பு எந்திரத்தில் பின் உருளை மெதுவாகச் சுற்றும், முன் உருளை வேகமாகச் சுற்றும். நடுவில் போகும் பஞ்சு அந்த வேக வித்தியாசத்தில் இழுபட்டு மெலியும் என்று சொல்லி, திரியின் ஒரு முனையை உன்னிடம் கொடுத்து மறுமுனையை நான் இழுத்தேன். சத்தமே இல்லாமல் பிய்ந்தது. வியாழனுக்குப் பக்கத்தில் இருந்த பாதியை அது பலமாக இழுத்தது, தள்ளி இருந்த பாதியைக் கொஞ்சம் குறைவாக இழுத்தது, அவ்வளவுதான் நடந்தது என்றேன். வால்மீன் என்பது பாறைபோல் இறுகியதல்ல, பனியும் தூசியும் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொதி. நீ கையிலிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு, "முறுக்கு பத்தலம்மா அதுக்கு" என்றாய். மில்காரி மகன் என்று அன்றைக்கு நினைத்தேன். இதை வைத்துத் தாம்பத்தியத்துக்கு ஓர் உவமை சொல்ல இப்போது கை அரிக்கிறது. சொல்ல மாட்டேன். கல்யாணத்தில் அதையெல்லாம் வாழ்த்த வருகிறவர்கள் மைக்கில் சொல்வார்கள்.

வேலைக்குப் போய் நீ முதலில் வாங்கியது தொலைநோக்கி. பைக் வாங்குவாய் என்று அப்பா எதிர்பார்த்திருந்தார். ஆனாலும் அதை மாடிக்கு ஏற்றி இறக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். மோட்டார் காயில் கட்டும் கடையை மூடிவிட்டு வந்ததும் முதல் வேலை, மடிக்கணினியையும் வயர்களையும் மாடிக்குக் கொண்டுபோய் உனக்குத் தயாராக வைப்பது. செட்டியார்பட்டி அத்தை ஒருநாள் வந்து, "பயலுக்குக் குரு பலன் வந்துட்டா? பொண்ணு பாக்க ஆரம்பிக்கலாம்லா?" என்று கேட்டபோது அப்பா சொன்னார்: "அவந்தான் தெனமும் மாடில போயி அதையவே பாத்துக்கிட்டு இருக்கான். வந்தா மொதல்ல அவனுக்குத்தான் தெரியும்." குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். குரு நம்மைப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ குருவைப் பார்ப்பதில் இருந்தது.

தையில் ஒருநாள் நீ பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக ஒரு செய்தியைக் காட்டினாய். உன்னைப் போலக் கோள்களை வீடியோ எடுக்கிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்ந்து நடத்தும் குழுவில், வியட்நாமிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். பல் மருத்துவராம். முந்தின இரவு வியாழனில் ஒரு நொடி நேரம் ஓர் ஒளிப்பொட்டு தோன்றி மறைந்ததாக அவருடைய வீடியோவில் இருக்கிறது. அதே நேரத்தில் வேறு யாராவது எடுத்திருந்தால் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். இப்போதும் அவ்வப்போது சிறு துண்டுகள் வியாழனில் விழுகின்றன, அவை வால்மீனின் மிச்சமா சிறுகோளா என்று யாருக்கும் தெரியாது, யாரோ ஒருவர் மாடியில் விழித்திருந்தால்தான் அப்படி ஒன்று நடந்ததே தெரியும் என்று நீ விளக்கினாய். ஒருவர் பார்த்தால் அது கேமராவின் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டு ஊரில் இரண்டு பேர் பார்த்தால்தான் அது வியாழனில் நடந்தது. ஜப்பான்காரர்களுக்கு அன்று மேகம். அந்த நேரத்தில் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஆள், அந்தக் குழுவில் தெரிந்தவரை, ராஜபாளையத்தில் நீ.

அப்போது உன் சித்தப்பா வந்திருந்தார். ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவருக்கு நல்ல செய்தியைக் கேட்டால் கை சும்மா இருக்காது.

"ஏலே, இது கன்ஃபார்மா?"

"இன்னும் பாக்கவே இல்ல சித்தப்பா."

"ஒம் ஃபோட்டோவ மட்டும் அனுப்பு. டிசைன் போட்டு வைக்கேன். பொறவு அவசரத்துல கேட்டா நான் எங்க போவேன்?"

நீ அந்தப் பெண் சொன்ன நிமிடத்துக்கான வீடியோவைத் திறந்து ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாய். காபி ஆறிப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து பார்த்தாய். ஒன்றுமில்லை. சித்தப்பா உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி, "எம்புட்டு படம் இருக்கு, ஒண்ணுல கூடவா இல்ல? நாமளா ஒரு பொட்டு வச்சுருவோமா?" என்றார். "திருஷ்டிப் பொட்டா சித்தப்பா? அது வியாழன், பச்சப்புள்ள இல்ல" என்றாய். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நீ குழுவுக்கு எழுதினாய்: அதே நிமிடத்தில் நானும் எடுத்தேன், என் படத்தில் எதுவும் இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஆசைப்பட்டதை இல்லை என்று சொல்வது லேசான காரியமில்லை. "நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாள் அந்தப் பெண்ணின் பதில் வந்தது. மன்னிக்க வேண்டும், என் கேமராவில்தான் கோளாறு போலிருக்கிறது, எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார். குழுவில் இருவர் அவருக்கு ஆறுதல் சொல்லி, கேமராவை எப்படிச் சோதிப்பது என்று பாடம் எடுத்திருந்தார்கள். விஷயம் முடிந்துவிட்டது. நானாக இருந்தால் விட்டிருப்பேன். நம் படத்தில் தப்பில்லை என்று நான் நிச்சயமாக இருந்தேன்.

நீ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாய். திரையில் இரண்டு வியாழன். ஒன்று அந்தப் பெண் எடுத்தது, மற்றொன்று அதே நிமிடத்தில் நீ எடுத்தது.

"அம்மா, அந்தச் செவப்புப் பொட்டப் பாரு."

வியாழனின் பெரிய சிவப்புப் புயல், அந்தப் பெண்ணின் படத்தில் இருந்த இடத்தில் உன் படத்தில் இல்லை. கொஞ்சம் பின்தங்கி இருந்தது.

"அவுக எடுத்த நேரம் தப்பா இருக்கும்" என்றேன்.

"இல்ல, நம்ம நேரம் தப்பா இருக்கும்" என்றாய்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் தம்பி இந்தக் கடிதம். மில்லில் வாங்கியவர் நூல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், நம் சோதனையில் சரியாகத்தானே வந்தது என்று வாதாடுவதற்கு முன்னால் நம் எந்திரத்தை ஒத்துப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வருகிற பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அன்று எனக்கு அது தோன்றவில்லை. நீ யோசிக்கக்கூட இல்லை; சாதாரணமாகச் சொன்னாய். வியாழன் யாருக்காகவும் மெதுவாகச் சுற்றாது. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிற அதுவே ஒரு கடிகாரம். புயல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அளந்து கணக்குப் போட்டாய். பத்து நிமிடம் வந்தது.

அப்பா வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். "அப்பா, லேப்டாப்புல டைம் யாரு வச்சது?" என்று கேட்டாய்.

"நாந்தாம்ல. அதுதான் உள்ள பேட்டரி போயி, அணைச்சு அணைச்சுப் போட்டா நேரம் அழிஞ்சு போவுதே. மாடில நெட்டும் கெடைக்காது. தீவாளிலேருந்து நாந்தான தெனம் வச்சுக் குடுக்கேன்."

"எதப் பாத்து வச்சீங்க?"

அப்பா தையலை நிறுத்தினார். ஊசியைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்து ஹால் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உன் தாத்தா மில்லுக்குப் போன காலத்தில் முதல் ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்பதற்காக, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கும் முன்பிருந்தே பத்து நிமிடம் கூட்டி வைத்திருக்கும் கடிகாரம். மணி பார்க்கும்போது நாம் எல்லோரும் பத்தைக் கழித்துக்கொள்வோம். மூச்சு விடுவதுபோல் அது நடக்கும். அதனாலேயே பார்த்து மடிக்கணினியில் வைக்கும்போது கழிக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. வியட்நாமில் ஒரு பெண் தன் கண்ணையும் கேமராவையும் சந்தேகித்து உட்கார்ந்திருந்தார், எங்கள் மில் பஸ்ஸுக்காக.

சரியான வீடியோ பத்து நிமிடம் கழித்து எடுத்ததாக இருக்க வேண்டும். அது கோப்புறையில் இல்லை. இடம் போதாமல் நீ அன்றே அழித்திருந்தாய். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்னால். மடிக்கணினியின் குப்பைத்தொட்டியை நீ காலி செய்திருக்கவில்லை என்பது நல்ல காலம். என் வாயால் இதற்கு மேல் கடவுளை இழுக்க மாட்டேன். திறந்தாய். வியாழன் நடுங்கிக்கொண்டிருந்தது, சட்டியில் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல். ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு பூத்தது. நான் அதைக் கண்டுகொண்டேன் என்று உணர்வதற்குள் அணைந்துவிட்டது. தழும்பு எதுவும் இல்லை. பதினெட்டு வயதில் மாடியில் நின்ற பெண்ணுக்கு அது போதும். ஏழு தடவை எட்டுத் தடவை ஓட்டிக் காட்டச் சொன்னேன். நீயும் அலுக்காமல் காட்டினாய்.

இதுவரைக்கும் கெட்டிக்காரத்தனம். கெட்டிக்காரத்தனத்துக்கு நான் இவ்வளவு எழுத மாட்டேன். உடனே ஓடிவந்த சித்தப்பா, நீ எழுதத் தொடங்கியதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"கெடச்சுட்டுன்னு போடுலே, போதும். கடிகாரக் கதையெல்லாம் எதுக்கு? மறுபடி பாத்தேன், இருந்துச்சு. முடிஞ்சுது."

"அப்போ மொதல்ல இல்லன்னு ஏன் சொன்னேன்னு கேப்பாக."

"கேட்டா அப்பம் பாத்துக்கிடலாம். தீவாளிலேருந்து அனுப்புனது பூரா தப்புன்னு நீயே சொன்னா, இனிம ஒன்ன எவன் நம்புவான்? பொண்ணு வீட்டுல வேற பேசிக்கிட்டு இருக்கோம். கடிகாரம் பாக்கத் தெரியாத குடும்பம்னு நெனைக்க மாட்டாகளா?"

சித்தப்பா சொன்னதில் தப்பில்லை. மூன்று மாதமாக நீ அனுப்பிய அத்தனை பதிவிலும் நேரம் பிசகு. அதை வெளியே சொன்னால் உன் பெயர் கெடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கும் ஒரு கணம், பேசாமல் இருந்தால் என்ன என்று தோன்றியது. நீ சித்தப்பாவிடம் வாதாடவில்லை. "அந்த டாக்டரம்மா எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுச்சு சித்தப்பா. எந்தப் பக்கம் தப்போ அந்தப் பக்கமும் எல்லார் முன்னாடியும் கேக்கணும்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதினாய். அவருடைய கேமராவில் கோளாறு இல்லை, கோளாறு என் கடிகாரத்தில். என் அம்மா மில் பஸ்ஸுக்காக வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார், அதைப் பார்த்து நேரம் வைத்துவிட்டோம். தீபாவளியிலிருந்து நான் அனுப்பிய எல்லாப் பதிவிலும் பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இத்துடன் வீடியோவை இணைத்திருக்கிறேன், ஒளியை முதலில் கண்டவர் அவர். இவ்வளவுதான் கடிதம். அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல், வைத்துவிட்டோம் என்று எழுதியதை நான் கவனித்தேன்.

பெயர் கெடவில்லை. உன் பதிவுகளைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண், உங்கள் அம்மாவுக்குப் பஸ் கிடைத்ததா என்று கேட்டு எழுதியிருந்தார். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் நான் நினைத்து நினைத்து வியக்கிறேன்.

இனி சுகன்யாவுக்குத் தெரியாத பாதி. மாப்பிள்ளை வீடு பார்க்க அவள் வீட்டார் வந்தபோது அவளும் கூடவே வந்தாள். நீ பள்ளியில் இருந்தாய். அவள் ஹால் கடிகாரத்தைப் பார்த்தாள், கையிலிருந்த மொபைலைப் பார்த்தாள், "அத்தை, இந்த வீட்ல எந்த டைம்?" என்று கேட்டாள்.

அப்பா சிரித்து, "அது பத்து நிமிசம் கூட ஓடும்மா. நாங்க கழிச்சுக்கிடுவோம்" என்றார். வியாழன் கதையையும் சொன்னார். எல்லோரும் ரசித்தார்கள். எனக்கு மட்டும் வேறொன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமான முதல் மாதம், மில்லில் சேர்ந்த முதல் நாள், இதே கடிகாரத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாக நிறுத்தத்துக்குப் போனேன். ஒரு ஆள் இல்லை. பஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினேன். நான் வீட்டுப்படி ஏறும்போது பஸ் நிறுத்தத்துக்கு வந்துகொண்டிருந்தது. உன் அப்பா, "அது பத்து நிமிசம் ஃபாஸ்ட்லா, ஒனக்குத் தெரியாதா?" என்றார். "சொன்னாத்தானே தெரியும்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நானும் கழிக்கப் பழகி, அந்தக் கடிகாரத்துக்குக் காவல்காரியாகவும் ஆகிவிட்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படிக் கழித்துக்கொள்ள வேண்டிய பத்து நிமிடங்கள் இருக்கும் தம்பி. யார் கோபத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும், யார் "வேண்டாம்" என்றால் வேண்டும் என்று பொருள், என் "நல்லா இருக்கு"வில் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவளுக்குத் தெரியாது. கணக்கு ஒத்துவராதபோது நம் கடிகாரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. அவள் கேமராவைத்தான் சந்தேகிப்போம். அவளும் கொஞ்ச நாளில் தன்னையே சந்தேகித்து மன்னிப்புக் கேட்டுவிடுவாள். அப்படி ஒரு நாள் வந்தால், முன்பின் பார்த்திராத ஒரு பல் மருத்துவருக்குச் செய்ததை உன் மனைவிக்கும் செய். இல்ல, நம்ம நேரம் தப்பா இருக்கும் என்று சொல். என்னிடமும் சொல். வேறு அறிவுரை என்னிடம் இல்லை.

முந்தாநாள் இரவு படுக்கப்போகும் முன் நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுக் காலை எழுந்து மணி பார்த்து, பழக்கத்தில் பத்தைக் கழித்துவிட்டு, சாவகாசமாகக் காபி குடித்து நிறுத்தத்துக்குப் போனால், திருப்பத்தில் பஸ்ஸின் முதுகு தெரிகிறது. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"என்ன, பஸ்ஸு வரலயா?"

"வந்துட்டு. நாந்தான் வரல. வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க, கடிகாரத்த ராத்திரி நான் திருப்பி வச்சுட்டேன்."

வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்போல் நிதானமாகச் சொன்னார்: "சொன்னாத்தானே தெரியும்."

அம்மா